இரண்டு ஹாரன்

பெரிய அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னவன் அக்கா வீட்டுப் படியேறியபோது மத்தியானம்தான். ஆனாலும் மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. கார் விபத்தில் பெரியவன் போனபிறகு பூட்டியே கிடந்த மாடி அறையை அக்கா திறந்துவிட்டாள். பழைய மெத்தையின் புழுக்க வாடை முகத்தில் அடித்தது.

“காரை ஒழுங்கா ஷெட்ல விட்டியா?”

“மூக்கு செவுத்துல முட்டுற மாதிரி விட்டிருக்கேன், போதுமா?”

“உங்கண்ணன் பின்பக்கமாத்தான் விடுவான்.”

“ஆமா, ‘ஏறினா நேரா ஓடணும்டா’ம்பான். விளையாட்டுலயும் அப்படித்தான், வீட்லயும் அப்படித்தான்.”

கார் திருடுவதும் போலீசுக்குத் தண்ணி காட்டுவதுமான வீடியோ விளையாட்டு அது. ஒரு முழு நகரம். எங்கு வேண்டுமானாலும் சுற்றலாம். கடையில் அதை யாரும் சீண்டவில்லை. பெரியவன் மட்டும் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினான். அவன் பாதியில் விட்டுப்போன ஆட்டத்தைச் சின்னவன் அட்டைப்பெட்டியில் இருந்த புது மெஷினில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான்.

“எங்க விட்டான்னு ஒரு தடவை பார்த்துடணும்க்கா. அது போதும் எனக்கு.”

டிவியில் நகரம் விரிந்தது.

“அடேயப்பா, இவ்வளவு தூரம் தெரியுமா இதுல?”

“பழைய மெஷினுக்கு அவ்வளவுதான் மூச்சு. ரெண்டு தெரு தாண்டினா பனியைப் போட்டு மூடிடும். இப்ப பாரு, பாலம் வரைக்கும் பளிச்சுன்னு இருக்கு.”

பாலத்தில் ஒரு கார் நின்றது. பக்கத்தில் ஒருவன்.

“அது யாருடா?”

“தெரியலையே. அந்தப் பாலத்துல ஆளே வரமாட்டாங்க.”

சின்னவன் தன் காரை அருகே ஓட்டினான். நெட்டையான ஆள். முகம் அந்தப் பக்கம். காரின் கூரைமேல் விரல்களால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். யாருக்காகவாவது காத்திருக்கும்போது பெரியவன் போடும் அதே தாளம்.

அந்தக் காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கதவு திறந்திருந்தது.

“நிறுத்துடா,” என்றாள் அக்கா.

பாம். பாம்.

“நீ அடிச்சியா?”

“இல்லக்கா. அது கூட்டாளியை ஏறச் சொல்ற ஹாரன். ஆடுறவனாலதான் அடிக்க முடியும்.”

கன்ட்ரோலர் அவன் உள்ளங்கையில் அதிர்ந்தது. கட்டைவிரல் ஏறும் பட்டனுக்கு நகர்ந்தது.

“அன்னைக்கும் வாசல்ல ரெண்டு தடவைதான் அடிச்சான். அஞ்சு நிமிஷம்னு கத்தினேன். போயிட்டான்.”

“அன்னைக்கு நீ ஏறியிருந்தா செவுத்துல ரெண்டு படம் மாட்டியிருப்பேன். தொடாதே!”

அவள் ஒயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

மழைச் சத்தம் மட்டும்.

பாம். பாம்.

வாசலிலிருந்து.

“நம்ம கார்...” என்றான் சின்னவன்.

“சாவி எங்க?”

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினான்.

இறங்கி ஓடினார்கள். ஷெட்டில் கார் தெருவைப் பார்த்து நின்றது. பானெட்மேல் விழுந்த சாரல் ஆவியாகிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. அதில் உட்கார்ந்தால் சின்னவனுக்கு பிரேக்கே எட்டாது.

பக்கத்து சீட்டின் கதவு திறந்திருந்தது.

“அக்கா,” என்றான் சின்னவன். பத்து வயதுப் பையனாக இருந்தபோது கெஞ்சிய அதே குரல். “ஒரே ஒரு ரவுண்டு. போயிட்டு வந்துடறேன்.”

கால் எடுத்து வைத்தான். அக்கா அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். காலியான சீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

“டேய் பெரியவனே! இவனைத் தனியா அனுப்பமாட்டேன்டா!”

கதவு அசையவில்லை. ஹாரன் இல்லை. நெடுநேரம் எதுவுமே இல்லை. போய்விட்டான் என்று நினைத்து அவள் மூச்சுவிட்டாள்.

அப்போது, அவளுக்காக, பின்கதவும் திறந்தது.