பன்னிரண்டாவது பேக்கேஜ்

பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருந்தது.

மதியம் மூன்று மணி. அக்கா ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி முடித்துவிட்டு வந்து அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்ததால் திரைகள் எல்லாம் இழுத்து மூடப்பட்டு, வீடே பழுப்பு நிற மருந்து பாட்டிலுக்குள் இறக்கி வைத்தது போல மங்கிக் கிடந்தது. ஃப்ரிட்ஜ் உறுமியது, கதவிடுக்கு வழியே அவள் கையோடு கொண்டுவந்த கிருமிநாசினி வாடை கசிந்தது, நாலு நிமிடத்துக்கு ஒருமுறை அவளுடைய வறட்டு இருமல் எழுந்து அடங்கியது. "ஊருக்கே ஊசி போடுறவ, தனக்கு ஒரு மாத்திரை போட்டுக்க மாட்டா" என்று காலையில்தான் அவன் கிண்டல் செய்திருந்தான். "மூடிட்டு வேலையப் பாருடா எருமை" என்று பதில் வந்திருந்தது. இந்த உலகில் அவனுக்கென்று இருந்த உறவு அவள் ஒருத்திதான்.

அவன் வேலை எளிமையானது. கம்பெனியின் பதினொரு மென்பொருள் பேக்கேஜ்கள் ஒரே பெரிய ஃபோல்டருக்குள், கூட்டுக்குடும்பம் போல, ஆளுக்கொரு அறையில் குடியிருந்தன. எந்த அறையில் எது மாறினாலும் வெர்ஷன் எண்ணைக் கூட்டி, என்ன மாறியது என்று ஒரு வரி எழுதி, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் பொதுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். இதையெல்லாம் தானாகவே செய்ய ஒரு தானியங்கி நிரல் எழுதினான். அது ஒவ்வொன்றுக்கும் 'வெளியிடலாமா?' என்று கேட்டது. பெண் கொடுக்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை என்று கடுப்பாகி, மூன்றாம் மாதம் அந்தக் கேள்வியைத் தூக்கினான்.

ஆபீஸ் விதிப்படி எந்த மாற்றத்துக்கும் இரண்டாவது ஆள் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். கூட இருந்த ஒரே ஆளும் கூப்பிட்டால் கிடைப்பதில்லை; இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? தானியங்கிக்கே ஒரு கணக்குத் திறந்து, 'கைநாட்டு' என்று பெயர் வைத்து, அதையே இரண்டாவது ஆளாகச் சேர்த்துவிட்டான். எட்டு மாதமாகக் கைநாட்டு எதையும் படிக்காமல் ஒரே நொடியில் ஒப்புதல் கொடுத்துவந்தது. அந்த வகையில் அது மேனேஜருக்குச் சற்றும் குறைந்ததில்லை.

பன்னிரண்டாவது பேக்கேஜின் பெயர்: அக்கா. வெர்ஷன் 1.0.0.

கூட வேலை பார்க்கும் மொட்டைக்குப் போன் போட்டான்.

"டேய் மொட்டை, உன் குசும்புதானே?" குரலைத் தணித்துத்தான் கேட்டான்.

"எதுடா?"

"அக்கான்னு ஒரு பேக்கேஜ் கிளம்பிப் போயிருக்கு."

"நான் பல் டாக்டர்கிட்ட வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்கேன். டெலிட் பண்ணிட்டுப் போவியா..."

"கிடங்குல இருந்து எடுக்க முடியலடா. ஏற்கெனவே இறக்கிட்டாங்க."

"யாரு?"

"நாலாயிரத்து நூறு பேர்."

மறுமுனையில் பல் துளைக்கும் மெஷின் மட்டும் கேட்டது. "உங்க அக்கா அவ்ளோ ஃபேமஸா?" என்றான் மொட்டை. டாக்டர் ஏதோ அதட்டினார். லைன் போயிற்று.

லேப்டாப் திரையில் புது வரி விழுந்தது. 1.0.1: இடப்பக்கம் திரும்பிப் படுத்தல்.

அடுத்த அறையில் கட்டில் கிறீச்சிட்டது.

தற்செயல் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைக்கத்தான் மாதச் சம்பளக்காரர்களுக்குப் பழக்கம். 1.0.2: இருமல் சரிசெய்யப்பட்டது. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். நாலு நிமிடம் போயிற்று. எட்டு. பன்னிரண்டு. ஃப்ரிட்ஜ்கூட உறுமலை நிறுத்தியிருந்தது. இருமல் வரவே இல்லை.

1.1.0: தம்பியைத் திட்டும் வசதி நீக்கப்பட்டது.

கதவு திறந்தது. நீல நைட்டியில் அக்கா நின்றாள். சோபாவில் ஈரத் துண்டு, தரையில் காபி டம்ளர், அதன் மேல் அவன் கால். அவள் கணக்கில் கொலைக்குற்றத்துக்குச் சமமான மூன்று. எல்லாவற்றையும் பார்த்தாள். புன்னகைத்தாள்.

"நீங்க சாப்டீங்களா?"

அவன் டம்ளரிலிருந்து காலை எடுத்தான்.

"என்னக்கா இது? விளையாடாத."

"உங்களுக்கு ஏதாவது வேணும்னா சொல்லுங்க."

"அக்கா, ஒரே ஒரு தடவ திட்டுக்கா. எருமைன்னு சொல்லு. நாயேன்னாவது சொல்லுக்கா."

"எதுக்குங்க?" என்றாள், மிகவும் அன்பாக. உள்ளே போனாள். எப்போதும் உதைத்தால்தான் மூடும் கதவு, சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.

2.0.0: தயாராகிறது. பழைய அக்காவோடு பொருந்தாது.

தானியங்கியை நிறுத்தும் கட்டளையை அடித்தான். இரண்டு முறை தப்பாக அடித்தான். 'இரண்டாவது ஆளின் ஒப்புதல் தேவை' என்றது. ஒரு நொடி. பத்து நொடி. நாற்பது. எட்டு மாதத்தில் முதல்முறையாகக் கைநாட்டு எதையோ படித்துக்கொண்டிருந்தது.

நிராகரிக்கப்பட்டது. குறிப்பு: சத்தம் போடாதே, அக்கா தூங்குகிறாள்.

இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கப் போனான். கை பாதியில் நின்றது. பிடுங்கி என்ன? தானியங்கி ஓடுவது இந்த வீட்டில் இல்லை. எங்கே ஓடுகிறது என்று அவனுக்கே தெரியாது. மாதம் ஒருமுறை சர்வர் வாடகை மட்டும் போகும்.

'அக்கா' ஃபோல்டரைத் திறந்தான். முந்நூறுக்கும் மேல் கோப்புகள். குரல். இடது முழங்கால். தலை சீவும் விதம். பயந்தால் சிரிப்பது. படிக்க முடியவில்லை. கண் கலங்கியது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் அனுப்பவும் ஒன்றும் இருக்காது என்று தோன்றியது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தான். அழித்தான். மாற்றத்தைப் பதிவு செய்தான்.

விசையிலிருந்து விரலை எடுக்கும் முன்பே கைநாட்டின் ஒப்புதல் வந்துவிட்டது.

அப்போதுதான் உறைத்தது. அழிப்பதும் ஒரு மாற்றம்தான்; எது மாறினாலும் தானாக வெளியே போய்விடும். அந்த விதியை எழுதியவன் அவன்தான்.

வேண்டாம் என்றான். வாய்விட்டு. திரையிடம். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். அப்படிப் பதில் சொல்ல அங்கே 'வெளியிடலாமா?' என்ற கேள்வியே இல்லை.

2.0.0: வெளியிடப்பட்டது. உள்ளடக்கம்: இல்லை.

கட்டில் கிறீச்சிட்டது.

ஓடினான். கதவைத் தள்ளினான். இருட்டு. கிருமிநாசினி வாடை.

"அக்கா?"

கட்டில் விளிம்பில் நீல நைட்டி உட்கார்ந்திருந்தது. நேராக. கழுத்து வரை பொத்தான் போட்டு. தோள் புடைத்திருந்தது. முழங்கால் மடிந்திருந்தது. கழுத்துக்கு மேலே, தலை இருக்க வேண்டிய இடத்தில், சுவர் தெரிந்தது.

நெஞ்சுப் பக்கம் துணி ஏறியது. இறங்கியது. ஏறியது.

அவன் கதவைப் பிடித்தபடி நின்றான்.

வலது கைத் துணி மெல்ல உயர்ந்தது. பக்கத்தில், மெத்தையில், காலியாக இருந்த இடத்தைத் தட்டியது. நின்றது. இன்னொரு முறை தட்டியது.