மூன்றாம் மாதிரிச் செய்தி

விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருந்தது. காரணம் என்ற கட்டத்தில் வழக்கமான வரி: தடைசெய்யப்பட்ட உள்ளடக்கம், மாதிரிச் செய்தி மூன்று. அதற்குக் கீழே, எப்போதும் காலியாகவே இருக்கும் குறிப்புக் கட்டத்தில், யாரோ ஒரு வரி எழுதியிருந்தார். தயவுசெய்து படத்தைப் பாருங்கள்.

கொரின் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறாள். வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக மெசேஜ் அனுப்ப விரும்பும் எந்தக் கடையும் முதலில் செல்போன் கம்பெனிகளுக்கு மாதிரி காட்டி அனுமதி வாங்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் மறுத்தால் அதைச் சரிசெய்து திருப்பி அனுப்புவது கொரினின் பொறுப்பு. சாராயக் கடையின் தள்ளுபடி, துப்பாக்கிக் கடையின் பண்டிகை வாழ்த்து, கஞ்சா எண்ணெய் விற்பவனின் பூடகப் பேச்சு என்று எத்தனையோ பார்த்திருக்கிறாள். எந்தச் சொல்லை எடுத்தால் கதவு திறக்கும் என்பது அவளுக்குக் கைவந்த கலை. ஆனால் மறுக்கிறவர்கள் ஒருநாளும் பேசியதில்லை. தயவுசெய்து என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மாதிரி மூன்றை மறுபடி படித்தாள். "வணக்கம். உங்கள் அன்புக்குரியவர் இன்று மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டார். மெடோலார்க் முதியோர் பராமரிப்பு இல்லம்." பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு படம். சாப்பாட்டுத் தட்டு. அதில் பழுப்பாக ஏதோ, பச்சையாக ஏதோ, வெள்ளையாக ஏதோ.

பெரிதாக்கிப் பார்க்கத்தான் வேண்டும். கர்சரை அதன்மேல் கொண்டுபோனாள். காரணம் தெரியாமல் வாயில் எச்சில் புளித்து ஊறியது, பால் திரிந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டதைப் போல. கையை எடுத்துவிட்டாள்.

வெளியே ஜூலை வெயில். ஓட்டம்வா என்ற அந்தச் சின்ன ஊரைச் சுற்றி மைல் கணக்கில் நின்ற சோளக்கொல்லைகள் வேர்த்து, அந்த ஈரம் காற்றில் கனத்து, ஒரு காலத்தில் செருப்புக் கடையாக இருந்த அந்த அலுவலகத்தின் கண்ணாடியில் புகைபோலப் படிந்திருந்தது. ஏசி சொட்டிக்கொண்டிருந்தது. தரைவிரிப்பிலிருந்து பழைய தோலின் வாடை.

முதலாளி மெர்ல் காலையிலிருந்து இரண்டு தடவை வந்து மேசைமேல் சாய்ந்துவிட்டுப் போனார். மெடோலார்க்காரர்களுக்கு மூன்று மாநிலங்களில் பதினொரு இல்லங்கள், வெள்ளிக்கிழமைக்குள் அனுமதி வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று இரண்டு தடவையும் அதையேதான் சொன்னார். அவர் சொல்லாத இன்னொன்றும் கொரினுக்குத் தெரியும். அவளுடைய அக்கா லவோன் இருப்பதும் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மெடோலார்க் இல்லத்தில்தான். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து பேச்சு போனவள். மெர்ல் பேசி, கட்டணத்தில் பாதியைக் குறைத்து இடம் வாங்கிக் கொடுத்திருந்தார்.

கொரின் அந்த இல்லத்து மேலாளர் ட்வைலாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். படத்தை எடுத்துவிட்டு வெறும் எழுத்தாக அனுப்பினால் அனுமதி கிடைத்துவிடும் என்று சொன்னாள். மறுமுனையிலிருந்து ஈரமாக, மெதுவாக, எதையோ மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"குடும்பத்துக்காரங்களுக்கு அந்தப் படம்தான் நிம்மதி, கண்ணு," என்றாள் ட்வைலா கடைசியில். விழுங்கினாள். "ஆனா நீ சொன்னா சரிதான். இனிமே படம் இல்லாமலே நம்புவாங்க."

கொரின் படத்தை எடுத்தாள். 'வயிறு நிறைய' என்பதை 'நன்றாக' என்று மாற்றினாள். அனுப்பினாள். அந்தக் குறிப்பு எழுதிய ஆளுக்குப் பதில் எழுத அங்கே இடமில்லை. இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அனுமதி வந்தது. பதினொரு இல்லங்களின் குடும்பங்களுக்கும் அன்று மதியமே மெசேஜ் போகத் தொடங்கும். மெர்ல் கைதட்டினார். "உன் கண்ணுல மண்ணத் தூவிட்டு எந்தத் தப்பும் போக முடியாது, கொரின்," என்றார். அவள் சிரித்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு, முட்டை சாண்ட்விச்சைப் பிரித்து வைத்திருந்தபோது, அவளுடைய செல்போன் அதிர்ந்தது. "லவோன் இன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டார்."

சோதனைக்காக ஆறு வாரங்களுக்கு முன் தன் எண்ணையும் சேர்த்திருந்தாள். அன்றிலிருந்து தினமும் இந்த நேரத்துக்கு மெசேஜும் படமும் வரும். தினமும் ஒரு இதயக் குறியைத் தட்டிவிட்டு சாண்ட்விச்சைக் கடிப்பாள். அக்கா சாப்பிடுகிறாள், அப்புறம் என்ன. முதலில் ஒரு ஞாயிறு அக்காவைப் பார்க்கப் போகவில்லை. பிறகு அடுத்த ஞாயிறும். நேரில் போனால் அந்தக் கோணிய வாயில் கரண்டியை வைத்து, வழிவதைத் துடைத்து, மறுபடி வைத்து, மறுபடி துடைத்து. அவளுக்கு அது குமட்டும். குமட்டுகிறதே என்று தன்மேலேயே அருவருப்பு வரும். மெசேஜ் வந்தபிறகு அந்த இரண்டுமே இல்லை.

இன்று வெறும் எழுத்து. படம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமைதான் அவள் விரலை மேலே இழுத்தது.

நேற்றைய படம். முந்தாநாள் படம். அதற்கு முந்தையது. ஒவ்வொன்றின் கீழும் அவள் தட்டிய சிவப்பு இதயம். ஜூன் மூன்றாம் தேதிவரை மேலே போனாள். ஆறு வாரத்தில் முதல் தடவையாக, ஒரு படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினாள்.

பன்றி இறைச்சித் துண்டு, குழம்பு ஊற்றிய மசித்த உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, ரோஜா நிற ஜெல்லி. தட்டின் இடது மூலையில் பிறை வடிவில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. கரண்டி சுத்தமாக இருந்தது. யாரும் தொடவில்லை.

ஜூன் நான்கு. அதே இறைச்சி. அதே பிறைச் சில்லு. குழம்பின்மேல் ஆடை கட்டி, நடுவில் ஒரு சுருக்கம்.

ஜூன் ஐந்து. அதே சுருக்கம். பட்டாணி வற்றியிருந்தது.

ஜூன் ஒன்பது. இறைச்சியின் ஓரம் பளபளத்தது, எண்ணெயில் விழும் வானவில்லைப் போல. ஜெல்லி கசிந்து உருளைக்கிழங்குக்குள் இறங்கியிருந்தது. கரண்டி அசையவில்லை. கீழே: லவோன் இன்று வயிறு நிறையச் சாப்பிட்டார். அதன் கீழே அவளுடைய இதயம்.

பதினான்கு. பச்சைப் பொட்டுகள்.

பத்தொன்பது. வெள்ளை ரோமம்.

இருபத்து மூன்று. தட்டு முழுவதும் சாம்பல் நிறத்தில் மெத்து மெத்தென்று, அடியில் எது இறைச்சி எது கிழங்கு என்றே தெரியாமல், ஒரு பூனைக்குட்டி சுருண்டு படுத்திருப்பதைப் போல.

சாண்ட்விச்சின் முட்டை வாடை மூக்கில் ஏறியது. அதைக் குப்பைக் கூடையில் போட்டாள். கூடையை எட்டித் தள்ளினாள்.

ஜூன் இருபத்தெட்டுப் படத்தில் அந்தச் சாம்பல் மெத்தையின் ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தது. வழித்து எடுத்த பள்ளம். கரண்டியால் எடுத்ததல்ல. கரண்டி சுத்தமாக, அதே இடத்தில். பள்ளத்தில் இரண்டு பக்கமும் வளைந்த கோடு, நடுவில் அகலமான ஈரத் தடம். நாக்கு.

மறுநாள் பள்ளம் பெரிதாகியிருந்தது.

அதற்கு மறுநாள் பாதித் தட்டு காலி.

நேற்றைய படத்தில் தட்டு துடைத்துவிட்டாற்போலப் பளிச்சென்று இருந்தது.

மெர்லிடம் என்ன சொன்னாள் என்று நினைவில்லை. நிறுத்துங்கள் என்று சொன்னாள்போல. பன்னிரண்டே முக்காலுக்கே எல்லாருக்கும் போய்விட்டதே, இனி என்ன நிறுத்துவது என்று அவர் கேட்டார். நேற்றுவரை அந்தத் தட்டைப் பார்க்க உலகத்தில் குறிப்பு எழுதிய அந்த ஒரே ஒருவர்தான் கண் திறந்திருந்தார், அந்தக் கண்ணை மூடியது தான்தான் என்பது காரை எடுக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இல்லம் பன்னிரண்டு நிமிடத் தூரம். ஆறு வாரமாகப் போகாத பன்னிரண்டு நிமிடம்.

வாசலில் செவ்வந்திச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். கதவு தானே திறந்தது. முதலில் எலுமிச்சை வாசனைத் தைலம், அதன் அடியில் வேறொன்று: பூட்டிக்கிடந்த ரொட்டிப் பெட்டியின் வாடை, துவைக்காமல் மடித்து வைத்த ஈரத்துணியின் வாடை, இனிப்பாக, சூடாக, மூச்சு விடுவதைப் போல வந்து வந்து போவது. தொலைக்காட்சி ஓடவில்லை. அழைப்பு மணி எதுவும் அடிக்கவில்லை. யாரும் இருமவில்லை. அவள் வந்த ஒவ்வொரு முறையும் இங்கே யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். இப்போது கதவுகளுக்குப் பின்னாலிருந்து மென்மையான, ஈரமான ஒரே சத்தம். தொலைபேசியில் கேட்ட அதே மெல்லும் சத்தம்.

ட்வைலா எதிரே வந்தாள். முன்னைக்கு இப்போது நன்றாகச் சதை போட்டிருந்தாள். கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டே பேசினாள்.

"முன்னாடியெல்லாம் ஊட்டிவிட ஆள் கிடையாது, கண்ணு. நாப்பது பேருக்கு ரெண்டு பொண்ணுங்க. தட்ட வச்சிட்டுப் போயிடுவாங்க, எடுக்கக்கூட வரமாட்டாங்க." கைக்குட்டைக்குப் பின்னால் சிரித்தாள். "இப்ப ஆளே வேண்டாம். அவங்களே சாப்பிட்டுக்கிறாங்க. நாங்க பொய் ஒண்ணும் எழுதல, பாத்தியா."

கொரின் அவளைத் தாண்டி ஓடினாள். தரையில் செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. எட்டாம் எண் அறை. கதவில் கை வைத்தாள். கைப்பிடி மெத்தென்று இருந்தது. கையை உதறினாள். தோளால் தள்ளினாள்.

லவோன் ஜன்னலுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நல்ல வெயில். கடைசியாகப் பார்த்தபோது தொண்ணூறு பவுண்டு, எலும்பின்மேல் ஒட்டிய தோல். இப்போது கன்னம் உப்பி, கழுத்து மறைந்து, கைகள் பருத்து, சட்டைப் பொத்தான்கள் இழுபட்டு நின்றன. மடியில் அந்தத் தட்டு. காலி. கோணியிருந்த வாய் நேராகி, உதடுகள் மூடி, கன்னத்துக்குள் ஏதோ மெதுவாக உருண்டுகொண்டிருந்தது.

"லவோன்," என்றாள் கொரின். நாற்காலியருகே போனாள். "எழுந்திரு. வீட்டுக்குப் போலாம். நான் வந்திருக்கணும். முன்னாடியே வந்திருக்கணும்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். கண்கள் அவளுடையவைதான். அதில் கோபமில்லை. தங்கையைப் பார்த்த சந்தோஷம் இருந்தது. பருத்த கை நீண்டு, கொரினின் மணிக்கட்டைப் பிடித்தது. உள்ளங்கை பட்டுத் துணியைப் போல இருந்தது. இழுத்தாள் கொரின். விடவில்லை. பக்கவாதம் வந்தவளின் பிடியல்ல. முகத்துக்கு நேராக இழுத்துக்கொண்டாள்.

இரண்டு வருடமாகப் பேசாத அக்கா பேசினாள்.

"சாப்பிட்டியா, குட்டி?"

பேசுவதற்காக வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. உள்ளே பல் இல்லை. நாக்கு இல்லை. உதட்டின் உள்விளிம்பிலிருந்து தொண்டையின் அடிவரை சாம்பல் பூத்த மெல்லிய ரோமம், வெயில் பட்டு நுனிகள் பச்சையாக மின்ன, ஈரமாக, அடர்த்தியாக. கொரின் மூச்சை இழுத்தாள். அத்தனை ரோமமும் ஒன்றாக, காற்றில் புல் சாய்வதைப் போல, அவள் முகத்தை நோக்கிச் சாய்ந்தது.