மூன்று தரம் கூப்பிட்டால்

வீடியோ எடுக்கும்போது நாகலட்சுமியின் காதில் விழாத குரல், எடுத்ததைப் போட்டுப் பார்க்கும்போது விழுந்தது.

"ரஞ்சிதா... கதவத் தொற கண்ணு."

சுபாஷின் குரல். மகளைக் கூப்பிடுகிற குரல். ஆனால் நாகலட்சுமியின் புருஷன் சுபாஷ் டைல்ஸ் வாங்க மதியம் பஸ்ஸிலேயே நாமக்கல் போய்விட்டான். மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே இருக்கிற மனுஷன், திரும்புவது நாளைக்குத்தான். மலைமேல் பெரக்கரை நாட்டு மேட்டில் பெங்களூர்க்காரர் ஒருவர் கட்டும் வீட்டுக்கு அவன்தான் மேஸ்திரி, அவன்தான் காவல். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று படமாகப் பார்க்க உள்ளங்கையளவு டிஜிட்டல் கேமரா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார் முதலாளி. இன்றைக்கு அந்த வேலை இவள் தலையில். முடிந்திருந்த ஒரே அறையை, ஜன்னல் கம்பி, புதுக்கதவு, தாழ்ப்பாள் என்று சுற்றிச் சுற்றி ஒரு நிமிடம் எடுத்திருந்தாள்.

மணி நாலுதான் ஆகியிருந்தது, ஆனால் மேகம் இறங்கிப் பலாமரத்தையும் மணல் குவியலையும் மூடிவிட்டது, கரண்டும் இல்லை, தார்ப்பாய் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தமும் ஈர சிமெண்ட் வாசனையும் மட்டும்தான் அந்த அறைக்குள் இருந்தன. வாசல் பூராவும் காலையில் பூசிய தளம். "நாளைக்கு நான் வார வரைக்கும் ஒருத்தரும் மிதிக்கக் கூடாது, உள்ளயே இருங்க," என்று சொல்லிவிட்டு ஓரமாகத் தாண்டிக் குதித்துப் போயிருந்தான் சுபாஷ். இருந்தது ஒரே கதவு. அதைத் தாழ் போட்டதும் அவள்தான்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். தளத்தில் ஒரு தடம்கூட இல்லை. மழமழவென்று கிடந்தது.

மிளகு பறிக்க வரும் பாப்பாயி, இவர்கள் குடிவந்த அன்றைக்கே சொன்னாள். "மேகம் எறங்குச்சுன்னா யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் வாயத் தொறக்காதீங்க. மூணு தரம் கூப்பிடட்டும். மனுசன்னா கூப்பிடுவான். அதுக்கு ஒரு தரத்துக்கு மேல கூப்பிட வராதுங்க."

"அது எதுங்க?"

"அதையெல்லாம் கேக்கப்படாது."

நாகலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். ஆனாலும் பெற்ற வயிறு கேட்குமா? நாலு வயது ரஞ்சிதாவை மடியில் வைத்து, விரலை மடக்கி மடக்கிப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தாள். எத்தனை தரம்? மூணு தரம். அப்புறம்தான்? பதில்.

அந்தப் பாடம் பலித்தது. இப்போது குழந்தை பாயில் உட்கார்ந்து உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

சுபாஷ் முன்பு எடுத்த படத்தின் சத்தம் இதில் கலந்துவிட்டதோ? மனசு கேட்கவில்லை. மறுபடி போட்டாள். கதவு, தாழ்ப்பாள், கொஞ்சம் ஆட்டம்.

"ரஞ்சிதா... கதவத் தொற கண்ணு."

அதே குரல், அதே குழைவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஒட்டி நின்று பேசியதுபோல இருந்தது. கேமராவைப் பாயில் போட்டுவிட்டு மெழுகுவத்தி தேடிப் போனாள். தீக்குச்சி இரண்டு ஒடிந்தன. மூன்றாவது பற்றியது.

பின்னால் குட்டியாக ஒரு 'கிளிக்'.

"ரஞ்சிதா... கதவத் தொற கண்ணு."

திரும்பினாள். கேமரா குழந்தையின் கையில். இன்னொரு கையில் மூன்று விரல்.

"மூணு ஆயிடுச்சும்மா!"

ஐயோ.

கூப்பிட்டது ஒரு தரம். மிச்ச இரண்டையும் அதற்குக் கொடுத்தது இந்தக் கேமரா.

"வேண்டாம் சாமி, பேசாத..."

"வா அப்பா!"

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. சிமெண்ட் வாசனை மட்டும் கூடியது. கூடிக்கொண்டே வந்தது.

மெழுகுவத்தியைத் தாழ்த்தினாள்.

காய்ந்த தரையில் ஒரு பாதம். சாம்பல் நிறம். ஈரம். கதவுக்கு உள்பக்கம்.

அப்புறம் இன்னொன்று.

இன்னொன்று.

பாய்வரைக்கும்.

ஒரே பாய்ச்சலில் போய்க் குழந்தையின் கையைப் பிடித்தாள். இழுத்தாள். வரவில்லை. உயிரைக் கொடுத்து இழுத்தாள். யாரோ இடுப்பைச் சுற்றிப் பிடித்திருப்பதுபோல, ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

ரஞ்சிதா சந்தோஷமாகப் பின்னால் சாய்ந்தாள். பின்னால் சுவர் இல்லை. ஒன்றுமே இல்லை.

"அப்பா மடி ஏம்மா இவ்வளவு ஜில்லுனு இருக்குது?"

குழந்தையின் கால்கள் இரண்டும் பாய்க்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தன.