மூன்று தடவை கை உயர்த்தினால்

திரையில் நேசம்மாள் மூன்று தடவைதான் கையை உயர்த்துவாள். கொட்டாரத்து ஓலைக் கொட்டகையில் அந்தச் சனிக்கிழமை மதியக் காட்சியில் நான்கு தடவை உயர்த்தினாள்.

படம் ஓட்டும் அறையின் சதுர ஓட்டை வழியே பார்த்துக்கொண்டிருந்த ரசலையனுக்கு மட்டும்தான் அது தெரிந்தது. தெரியாமல் இருக்குமா? அவள் அவனுடைய மனைவி.

நாற்பத்தொன்பதாம் வருஷம் கொட்டகை முதலாளி சிவதாணு ஒரு வாடகைக் கேமராவைப் பேச்சிப்பாறை அணைக்குக் கொண்டுபோய் ‘ரத்தக் குளத்து யட்சி’ எடுத்தார். நடிகை தண்ணீரில் இறங்க மறுத்ததும் நேசம்மாளுக்கு வெள்ளைச் சேலை கட்டி இறக்கினார்கள். இடுப்பில் கயிறு. மறுமுனை, படத்தில் விழாதபடி கரையில் நின்ற ரசலையன் கையில். மூச்சு முட்டினால் அவள் மூன்று தடவை கையை உயர்த்த வேண்டும், உடனே அவன் இழுக்க வேண்டும் என்று பேச்சு. அவள் உயர்த்தினாள்.

“இழுக்காதலே. நல்லா நடிக்கா,” என்றார் சிவதாணு.

அவன் இழுக்கவில்லை. முதலாளி சொன்னாரென்று நின்றுவிட்டான். பிறகு இழுத்தபோது பிணம்தான் வந்தது. அந்த வெட்கங்கெட்ட நிற்பை நினைத்துக்கொண்டேதான் நாலு வருஷமாக அவரிடம் சோறு தின்கிறான்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. பிறகு ‘யட்சியின் தங்கை சபதம்’, ‘யட்சிக்கு மறுகல்யாணம்’, ‘யட்சியின் மாமியார்’. புதிதாக எதுவும் எடுப்பதில்லை. பழைய சுருள்களை வெட்டி, இடம் மாற்றி ஒட்டி, புதுப் பெயர் போட்டால் புதுப் படம். எல்லாவற்றிலும் கடைசியில் அவள் மூழ்கும் அந்தத் துண்டு வரும். ஒட்டுகிறவன் ரசலையன். ஒவ்வொரு படத்திலும் பெண்டாட்டியைத் தன் கையாலேயே மறுபடி மூழ்கடித்தான்.

நான்காவது தடவை கை உயர்ந்த அந்தச் சனிக்கிழமை, காட்சி முடிந்ததும் முதலாளியிடம் போனான்.

“மொதலாளி, அடுத்த படத்துல அந்தத் துண்டு வேண்டாம்.”

“அது இல்லேன்னா எவம்லே வருவான்? போயி ஒட்டு.”

அந்தத் துண்டுக்கு இருந்தது ஒரே பிரதி. மறுநாள் காலை வயல்வரப்பில் வைத்து அதைக் கொளுத்தினான். குப்பென்று எரிந்து ஒரு பிடி கரியானது. அவளை இனி யாரும் பார்க்கப் போவதில்லை என்று அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

அடுத்த சனிக்கிழமை ‘யட்சியின் பேத்தி’. ஓலைப் பொத்தல்கள் வழியே வெயில் காசு காசாக மணலில் விழுந்து கிடக்க, பீடிப் புகையும் விளக்கில் கருகும் கார்பன் குச்சியின் வாடையும் அறையை நிறைக்க, இயந்திரத்தின் கடகட சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம், கரையில் தண்ணீர் மெல்ல மோதுவது போல, கடைசிச் சுருள் நெருங்க நெருங்கத் தெளிவாகக் கேட்டது. பாசி நாற்றம் வந்தது.

திரையில் அணைத் தண்ணீர்.

எரித்த துண்டு.

நேசம்மாள் கையை உயர்த்தவில்லை. கயிற்றைப் பிடித்திருந்தாள். பிடித்து, பிடித்து, கரைக்கு ஏறினாள். ஒருநாளும் திரும்பாத கேமரா கரைப் பக்கம் திரும்பியது. அங்கே காக்கிச் சட்டை போட்ட ஒருவன்.

ரசலையன்.

அவன் உள்ளங்கை ஈரமானது. கயிறு. ஒரு வெட்டு இழுப்பு. திரையில் அவன் தண்ணீரில் விழுந்தான். அறையில் அவன் வாய் நிறையத் தண்ணீர். கத்த முடியவில்லை. ஓட்டை வழியே கையை நீட்டினான். கை வெளிச்சத்தில் பட்டு, அதன் நிழல் திரை முழுக்க விழுந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

டிக்கெட் கிழிக்கும் சிலுவைதாசன் விளக்குப் போட ஓடினான். முன்பெஞ்சிலிருந்து சிவதாணு கையமர்த்தினார்.

“வெளக்கப் போடாதலே. நல்லா நடிக்கான்.”

கொட்டகை விசிலடித்தது. திரையில், கரைமேல், சேலை சொட்டச் சொட்ட நேசம்மாள் நின்றாள். கையில் கயிறு. அவனையே பார்த்தாள்.

அவள் இழுக்கவில்லை.