மேசை மேல் மரச்சுத்தி

எழுந்து காபி போட்டேன். நாய்க்குத் தீனி வைத்தேன். வண்டிக் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினேன். என் மனைவி ஜோலீன் முட்டை பொரித்தாள். நான் தானியக் கிடங்கு அலுவலகத்துக்குப் போனேன். எல்க் மான் வேட்டை தொடங்கப்போகிறது. துப்பாக்கியைச் சரிபார்க்க அவள் தன் அண்ணன் வேடோடு சுடுதளத்துக்குப் போனாள்.

பதினோரு மணிக்கு ஃபோன் வந்தது. துப்பாக்கி அவள் முகத்தருகே வெடித்துவிட்டது. உயிர் அங்கேயே போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். சுடும் மேசையில் மணல் பை, தோட்டாவின் வேகம் அளக்கும் கருவி, ஒரு மரச்சுத்தி, வீட்டில் நானே மருந்து நிரப்பிக் கொடுத்த தோட்டாப் பெட்டி. பெட்டியில் ஒன்று மட்டும் குறைந்திருந்தது. தரை துப்புரவாக இருந்தது.

"ஒரே வேட்டுதான் மேடம்," என்றான் வேட். "மச்சான் கோர்டி கையால நிரப்பின லோடு. மருந்தை எப்பவும் கஞ்சத்தனமாத்தான் போடுவான். அவன் தோட்டா மானைப் போய் நலம் விசாரிக்கும். இந்த ஒண்ணுல மட்டும் கை தவறியிருக்கு."

விசாரிக்க வந்திருந்த துணை ஷெரிஃப் மெர்னா ஹாக்ஸ் என் பக்கம் திரும்பினார்.

"எவ்வளவு மருந்துன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"புத்தகத்துல இருக்குற உச்சத்துக்கு நல்லா கீழ ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவேன். ஒவ்வொரு வேட்டுக்கும் காலிக் கூட்டோட அடியைப் பாப்பேன். நடுவுல மருந்தைப் பத்த வைக்கிற பிரைமர் ஓரம் உருண்டையா இருக்கணும். தோட்டா அறையை மூடுற போல்ட் லேசாத் திறக்கணும்."

"இல்லேன்னா?"

"அதோட நிறுத்திடணும். பிரைமர் தட்டையாச்சு, போல்ட் இறுகுதுன்னாலே அழுத்தம் எல்லை தாண்டியாச்சு."

இரண்டு மணிக்கு என் கொட்டகையில், என் தராசிலேயே, மீதித் தோட்டாக்களைப் பிரித்து மருந்தை எடை போட்டார் மெர்னா. வேடும் கூட நின்றான். எல்லாம் ஒரே எடை.

"இதுல தப்பில்லை. ஆனா வெடிச்ச தோட்டாவைப் பத்தி இது எதுவும் சொல்லாது," என்றார்.

நிரப்பும்போது நடுவில் எழுந்து போனேனா? ஒன்றையாவது நிறுக்காமல் விட்டேனா? என்ன யோசித்தும் என் கைகள் நினைவுக்கு வரவில்லை.

மெர்னா மரச்சுத்தியை மேசையில் வைத்தார். அதன் முகத்தில் புதிய பள்ளம்.

"யாருது?"

"என்னுது. வெடிச்சப்புறம் போல்ட்டைத் திறக்கத் தட்டுனேன்."

"வெடிச்சதுல போல்ட் பிடி உடைஞ்சு புல்லுல கிடந்துச்சு வேட். அப்புறம் எதைத் தட்டுனீங்க?"

வேட் சுத்தியின் பள்ளத்தைப் பார்த்தான்.

"வெடிக்கிறதுக்கு முன்னாடியே போல்ட் சிக்கியிருக்கு. அதனாலதான் வண்டியில கிடந்த சுத்தி மேசைக்கு வந்துச்சு. அப்போ ஒரே வேட்டு இல்லை. காலிக் கூடுகள் எங்கே? நீங்களும் சொந்தமா நிரப்புற ஆளு. திரும்ப நிரப்பக்கூடிய பித்தளைக் கூட்டைத் தரையில விட்டுட்டு வர்றவனை இந்த மாவட்டத்துல நான் பார்த்ததில்லை. சட்டைப் பையைக் காலி பண்ணுங்க."

வேட் பைக்குள் கையை விட்டான். வெளியே வந்ததை அவனே திகைத்துப் பார்த்தான். தங்கை விழுந்து கிடந்தபோது அவன் கை பழக்கத்தில் பொறுக்கிப் போட்டிருக்கிறது. இரண்டு காலிக் கூடுகள். பிரைமர்கள் தட்டையாக நசுங்கியிருந்தன. மூன்றாவதாக ஒரு முழுத் தோட்டா: என் பெட்டியில் குறைந்தது.

"வெடிச்சது உங்க லோடு. அவரோடதுல ஒண்ணை எடுத்து ஒளிச்சுட்டு, பழியை அவர் மேல போட்டீங்க," என்றார் மெர்னா.

"வேகம் இன்னும் வேணும்னு உச்சத்துக்கு மேல மருந்து போட்டேன். கருவியில நம்பர் நல்லா வந்துச்சு. இன்னொண்ணு சுடுன்னேன்." அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "மச்சான், ஏதாவது திட்டுடா."

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவ கடைசியா என்ன சொன்னா?" என்றேன்.

அவள் சொன்னதை அப்படியே சொன்னான்.

"அண்ணே, ரொம்ப இறுகுது. கோர்டி லோடு இப்படி இறுகவே இறுகாது. ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுட்டுச் சுடலாமா?"