சூடு ஆறாத தாழி

பானை ஓட்டில் வெளிச்சம் இல்லை. அதைச் சுரண்டிய தூளை இக்னேஷியஸ் மூன்றாவது முறையாகச் சூடேற்றிப் பார்த்தான். கருவியின் பேனா கொஞ்சமும் மேலே ஏறாமல் தாளின் அடியோடு ஓடி நின்றது.

மண்ணில் புதைந்து கிடக்கும் பானை, வருஷா வருஷம் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்து வைத்திருக்கும். சூடேற்றினால் அத்தனையையும் ஒளியாகக் கக்கிவிடும். ஒளி கூடினால் வயதும் கூடும். ஒளியே இல்லையென்றால், அந்தப் பானை இப்போதுதான் நெருப்பைப் பார்த்திருக்கிறது. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் தோண்டியெடுத்த, இறந்தவரை வைத்துப் புதைக்கும் ஈமத்தாழி, இரண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாது என்று பக்தவத்சலம் அடித்துச் சொல்லியிருந்தான். எடுக்கும்போது இக்னேஷியஸ் உடன் இல்லை. கல்லூரியில் ஒரே அறையில் கிடந்து, ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்ட நண்பன் ஆயிற்றே என்று, தாழியைப் பற்றிய கருத்தரங்கக் கட்டுரையில் தன் பெயரையும் சேர்த்துவிட்டான்.

"பாவி, புதுசா சுட்டு கொண்டாந்து என் தலைல கட்டிட்டானே" என்று வாய்விட்டே சொன்னான். விஷயம் வெளியே தெரிந்தால் இருவர் வேலையும் போகும். அது போகட்டும், மச்சான் மச்சான் என்று கூப்பிட்ட வாய் தன்னை இப்படி முட்டாளாக்கிவிட்டதே என்பதுதான் தாங்கவில்லை.

ஆய்வுக்காகக் கொரட்டூரில் வாடகைக்கு எடுத்த அந்த வீட்டின் பின்னறையில்தான் தாழி இருந்தது. வெளிச்சம் பட்டால் பானையில் சேர்ந்த கணக்கு கெட்டுவிடும் என்பதால் ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டி, ஒரே ஒரு சிவப்பு பல்பை மட்டும் எரியவிட்டிருந்தார்கள். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டு கிரைண்டர் ஓடும் சத்தமும் ஆவடிப் பக்கம் போகும் மின்ரயிலின் கூவலும் சுவரைத் தாண்டி மெலிந்து வர, உள்ளே மட்டும் ஈரமண்ணும் சாம்பலும் கருகிய தலைமயிரும் கலந்த ஒரு வாடை கனத்துக் கிடந்தது.

பின்னறைக்குள் போய் டியூப்லைட் சுவிட்சில் விரலை வைத்தான். பொய்த் தாழி என்றால் வெளிச்சம் போட்டு ஒன்றும் கெடப்போவதில்லை. ஒருவேளை அவன் சொன்னது உண்மையாக இருந்தால்? விரல் அழுத்த மறுத்தது. இவ்வளவுக்குப் பிறகும் அவனை நம்புகிறோமே என்று தன்மீதே எரிச்சல் வந்தது.

அந்தச் சிவப்பு மங்கலிலேயே நடந்து, தாழியைப் போர்த்தியிருந்த கறுப்புத் துணிமேல் கை வைத்தான்.

சுட்டது. அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சோற்றுப் பானை மாதிரி.

"மச்சான்." வாசலில் பக்தவத்சலம். "லைட்டு போடாத."

"எந்த சூளைல சுட்ட? உண்மைய சொல்லு."

"நான் சுடல மச்சான். மண்லருந்துதான் எடுத்தேன். அதுவா சுட்டுக்குது."

குரல் உடைந்திருந்தது. இக்னேஷியஸ் அவன் பக்கம் திரும்புவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"டேய்! இன்னாடா பண்ற? தெறடா!"

"ஒரு வாரமா தூங்கல. ஊட்டுக்கே வந்து என் பேர சொல்லி கூப்ட்டுகினே கீது. உனக்கு பதிலா ஒருத்தன குடுன்னுச்சு." கதவுக்கு அந்தப் பக்கம் அவன் விசும்பினான். "உன் பேர சொல்ட்டேன். மன்னிச்சிடு மச்சான்."

இக்னேஷியஸ் பாய்ந்து சுவிட்சைத் தட்டினான். எரியவில்லை. மறுபடி தட்டினான். சிவப்பு பல்பும் அணைந்தது. பக்தவத்சலம் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டான். அழுதுகொண்டே, எல்லாவற்றையும் யோசித்துச் செய்திருக்கிறான். பயத்தையும் மீறி அதுதான் நெஞ்சை அறுத்தது.

"நீயாடா? நீயா?"

செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது.

பக்கத்து வீட்டு கிரைண்டர் நின்றது.

பின்னால் துணி சரிந்தது. ஓடு ஓட்டோடு உரசியது. மூடி.

கதவோடு ஒட்டி நின்றான். மூச்சை அடக்கினான். சூடு நெருங்கியது. முதுகில். கழுத்தில்.

மணிக்கட்டைப் பிடித்தது. விரல்கள். ஐந்தும்.

இழுத்தது. கால் சறுக்கியது. தாழியின் விளிம்பு விலாவில் இடித்தது. கை உள்ளே போனது. முழங்கை வரை. தோள் வரை.

மண் இல்லை. எலும்பு இல்லை. விரல்நுனியில் மடக்கிய முழங்கால் ஒன்று தட்டுப்பட்டது. வியர்த்திருந்தது.

பிறகு அது, பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவதுபோல, மெல்ல ஒதுங்கி உட்கார்ந்தது.