என்னைக் கேட்டீங்களா?

கயலுக்கு வந்த கோபத்தைப் பார்த்துத் திருவான்மியூர் கடலே இரண்டடி பின்வாங்கியிருக்கும்.

தம்பி செம்பியன் மணலில் கரணம் அடிக்க நெடுநாளாகப் பழகிக்கொண்டிருந்தான். இன்றுதான் முதல் முறையாக விழாமல் அடித்தான். அதைக் கயல் அப்பாவின் புதுப் போனில் படம் பிடித்தாள். அவன் கால்கள் ஆகாயத்தில் இருக்கும்போது திரையில் 'இடம் இல்லை' என்று வந்து படம் நின்றுவிட்டது.

"எடுத்துட்டியா, அக்கா?"

"பாதிதான்டா. நீ இன்னும் கீழ இறங்கல."

"அய்யோ! அப்போ நான் மேலயே நிக்கிறனா?"

புதுப் போனில் எப்படி இடமில்லாமல் போகும்? வீட்டுக்கு வந்து தேடினாள். உள்ளே ஒரு கூட்டமே குடியிருந்தது. மிட்டாய் உடைக்கும் விளையாட்டு, ராசிபலன், பங்குச் சந்தை. அப்பா ஓட்டுவது ஆட்டோ. அவருக்குப் பங்குச் சந்தை எதற்கு?

"யாருப்பா இதெல்லாம் போட்டது?"

"வாங்கும்போதே உள்ள இருந்துச்சு கண்ணு. போனோட கூடவே வருது."

கயல் மிட்டாய் விளையாட்டை நீக்கப் பார்த்தாள். 'நீக்க முடியாது' என்றது போன். போனால் போகிறது என்று 'முடக்கலாம்' என்று ஒரு பொத்தானை மட்டும் காட்டியது.

"இது எங்க போன்! உள்ள வரதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களா?" என்று போனைப் பார்த்துக் கத்தினாள்.

'இன்று உங்கள் ராசிக்குப் பொறுமை தேவை' என்று ஒரு செய்தி வந்தது.

அவ்வளவுதான். கயல் சட்டம் போட்டுவிட்டாள். கூடவே வந்தது எதுவும் எந்தப் போனிலும் இருக்கக் கூடாது! அப்பாவின் போனில் எல்லாவற்றையும் முடக்கிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

அங்கே சொர்ணம் அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கண் தெரியாது. தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில், போனில் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. அக்காவின் போன் திரையில் இருப்பதையெல்லாம் அவருக்குப் படித்துச் சொல்லும்.

"அக்கா, உன் போன்ல குப்பை கீதா? கூட்டித் தள்றேன்."

"கீதாவா? மிட்டாய் உடைக்க வா வான்னு நாள் பூரா காதுல கத்திக்கினே கீது. நான் தலை பின்றதுக்குள்ள முடி."

கயல் முடக்க ஆரம்பித்தாள். மிட்டாய் போனது. ராசிபலன் போனது. வாயில் நுழையாத பெயருடன் ஒன்று இருந்தது. 'நீயும் கூட வந்தவன்தானே?' அதுவும் போனது.

அக்கா போனை வாங்கித் தடவினார். சத்தமே இல்லை. ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்தினார். அப்படி அழுத்தினால் உடனே பேசும். இப்போது பேசவில்லை.

"இன்னாடி பண்ணே?"

"கூடவே வந்ததையெல்லாம் எடுத்துட்டேன்க்கா."

"பேசறதும் கூடவே வந்ததுதான்டி!"

கயலுக்குத் திக்கென்றது. போன்தான் பேசுகிறது என்று நினைத்திருந்தாள். பேசுவதும் ஓர் ஆப் என்று அவளுக்குத் தெரியாது.

பாதிப் பின்னலோடு அக்கா எழுந்து நின்றார். "பழைய போன்ல அதைப் போட்டுத் தரச் சொல்லி ஒவ்வொருத்தரா கெஞ்சினேன். இந்தப் போனை டப்பாவைப் பிரிச்சு நானே ஆரம்பிச்சேன். உள்ளயே இருந்துச்சு, அதான்! இப்போ பஸ்ஸு எங்க வருது, யாரு கூப்பிடறாங்க, ஒண்ணும் தெரியாம எப்படிப் போவேன்? எடுக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியா?"

கயலின் காது சூடானது. இந்தக் கேள்வியைச் சற்று முன்தான் கேட்டிருந்தாள், தன் வாயிலிருந்தே. அவள் கண் கலங்கியது.

"மூக்கை உறிஞ்சாத. அழறதுக்கெல்லாம் நேரமில்ல."

கயல் யோசித்தாள். எதையும் அழிக்கவில்லையே, முடக்கத்தானே செய்தோம்? அப்படியென்றால் உள்ளேதான் இருக்கும். முடக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, இந்த முறை நிதானமாகப் படித்தாள். வாயில் நுழையாத பெயருக்குக் கீழே, 'பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும்' என்று இருந்தது.

"கிடைச்சிடுச்சு! இப்போ அமுக்குக்கா!"

அக்கா அழுத்தினார். ஒன்றுமே நடக்காதது போலப் போன் மணியைச் சொன்னது.

அக்கா மூச்சு விட்டார். கயல் மெதுவாகக் கேட்டாள். "ராசிபலனைத் திருப்பிப் போடவா?"

"போடு. திங்கக்கிழமை சிரிக்க ஒண்ணு வேணும்."

"மிட்டாய்?"

"அதைத் தூக்கிக் கடாசு!"

வீட்டுக்கு வந்ததும் அப்பாவையும் கேட்டாள். "பங்குச் சந்தை வேணுமாப்பா?"

"இருக்கட்டும் கண்ணு. சவாரி இல்லாதப்போ பார்ப்பேன். சிவப்பு, பச்சைன்னு சிக்னல் மாதிரியே இருக்கும்."

மறுநாள் கடற்கரையில் செம்பியன் மறுபடியும் கரணம் அடித்தான். இந்தத் தடவை படத்திலும் பத்திரமாகக் கீழே இறங்கினான். அதை இருவரும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு செய்தி குதித்தது: 'உங்கள் போன் புதுப்பிக்கப்பட்டது. மிட்டாய் மீண்டும் வந்துவிட்டது!'

"யாரைக் கேட்டு வந்தே?" என்று கயல் கத்திய கத்தலில் சுண்டல்காரர் திரும்பிப் பார்த்தார்.

பார்க்கட்டுமே. அந்தக் கேள்வியைக் கேட்க இப்போது அவளுக்கு முழு உரிமை இருந்தது.